சுங்கைப் பட்டாணியில் ஒரு பஃபலோ: போர்விமான மாதிரி செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கைப் பட்டாணியிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலும் பிளாஸ்டிக் போர்விமான மாதிரிகளைச் செய்யத் தொடங்கியிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கிட் (மாதிரியின் பாகங்கள் அடங்கிய தொகுப்பு) பெட்டிக்குள் வரும் குறிப்புத்தாளும் குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகளும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. நம் செம்மண்ணையும் பால்மரங்களையும் அவை அறிந்திருக்க வழியில்லை. ஆகவே எங்கும் பொதுவான செய்திகளைச் சுருக்கமாகவும், இந்த ஊருக்கே உரியவற்றை விரிவாகவும் சொல்லியிருக்கிறேன்.

முதன்முதலாக எந்த விமானத்தைச் செய்யலாம்?

பெரும்பாலோர் ஸ்பிட்ஃபயரைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். நான் சொல்வது புரூஸ்டர் பஃபலோ. 1941 டிசம்பரில் சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையின் 21ஆம் படைப்பிரிவு பஃபலோ விமானங்களுடன் நின்றது. பிரிட்டிஷ் விமானப் படையின் 27ஆம் படைப்பிரிவு பிளென்ஹைம் விமானங்களுடன் அதே தளத்தில் இருந்தது. ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கிய டிசம்பர் 8ஆம் நாளிலேயே இந்தத் தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. நம் ஊர்ப் பெரியவர்கள் சிறுவயதில் தலைக்கு மேலே பார்த்திருக்கக்கூடிய போர்விமானம் அதுதான். ஸ்பிட்ஃபயர் 1941-42 மலாயாப் போரில் பறக்கவே இல்லை. அதையேதான் செய்வேன் என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு: பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் போர்ப்பணியில் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று, சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து, ஜொகூர்க் காடுகளைப் படம்பிடிப்பதற்காக. அந்த 81ஆம் படைப்பிரிவு விமானத்தைச் செய்தால் அதுவும் நம் வானத்து விமானமே.

செய்முறையை வைத்துப் பார்த்தாலும் பஃபலோ தொடக்கநிலையினருக்கு ஏற்றது. உடல் குட்டையும் பருமனும் ஆனது. சக்கரங்கள் உடலின் பக்கங்களுக்குள் மடிகின்றன. வால் தரையில் படிந்து நிற்கும் அமைப்பு என்பதால் மூக்கில் எடை வைக்க வேண்டியதும் இல்லை. கடினமான பகுதி ஒன்றே ஒன்று: பல சட்டங்களைக் கொண்ட நீண்ட கண்ணாடிக் கூரை.

பஃபலோ தோற்றுப்போன விமானம் அல்லவா? அதைச் செய்து என்ன பயன்?

தோற்றது உண்மை. ஆனால் ஏன் தோற்றது என்பதை அறிந்து செய்தால் மாதிரியின் நுணுக்கங்களுக்குப் பொருள் கிடைக்கும். புரூஸ்டர் நிறுவனம் இதை முதலில் அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைத்தது. முன்மாதிரி 1937 டிசம்பரில் பறந்தது. பிரிட்டன் வாங்கிய பி-339இ வகையில் கவசமும் பிற கருவிகளும் சேர்ந்து எடை கூடியது. ஏறத்தாழ 1,100 குதிரைத்திறன் கொண்ட ரைட் சைக்ளோன் எந்திரம் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெப்பமண்டலக் காற்றில் மேலேறத் திணறியது. சில படைப்பிரிவுகள் எடையைக் குறைப்பதற்காக அரை அங்குல எந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுச் சிறிய துப்பாக்கிகளைப் பொருத்தின. எடை குறைந்த பழைய வகையைப் பெற்ற பின்லாந்தோ, 44 விமானங்களை வைத்துக்கொண்டே சோவியத் படையை எதிர்த்து நெடுங்காலம் போரிட்டது. மலாயாவிலும் எல்லாம் தோல்வியாகவே முடியவில்லை: நியூசிலாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃபிஸ்கன் 243ஆம் படைப்பிரிவின் பஃபலோவில்தான் வெற்றிக் கணக்கைத் தொடங்கினார். பசிபிக் போர்முனையில் பொதுநலவாய நாட்டு வீரர்களுள் மிகுதியான விமானங்களை வீழ்த்தியவர் அவரே, மொத்தம் 11.

எந்த அளவுகோலில் வாங்குவது?

பஃபலோவின் இறக்கை அகலம் 10.67 மீட்டர். 1/72 அளவில் (உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு) அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆகும்; 1/48 அளவில் 22 சென்டிமீட்டர். முதல் மாதிரிக்கு 1/72 போதும். விலையும் குறைவு, வண்ணமும் குறைவாகச் செலவாகும். கண்ணாடி அணிந்தும் சிறு பாகங்கள் புலப்படாத வயதினர் தயங்காமல் 1/48க்குப் போகலாம். 1/72இல் ஹாசெகாவா, ஸ்பெஷல் ஹாபி ஆகியவையும் 1/48இல் தாமியாவும் பஃபலோவை வெளியிட்டுள்ளன. பெட்டியின்மேல் ‘பி-339’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்கக் கடற்படையின் எஃப்2ஏ-3 என்னும் பிந்தைய வகைக்கு மூக்குப்பகுதி நீளம் கூடுதல். அதில் மலாயாச் சின்னங்களை ஒட்டினால் விவரம் அறிந்தவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

என்னென்ன கருவிகள் தேவை?

பாகங்களைச் சட்டகத்திலிருந்து வெட்டும் கட்டர், கூர்மையான சிறுகத்தி, வெட்டுப்பலகை, இடுக்கி, 400 முதல் 1000 வரையிலான எண்ணுள்ள நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), மாஸ்கிங் டேப். நீர்த்தாள் பட்டணத்து ஹார்டுவேர் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். துணிக் கவ்விகளும் பல்குத்தும் குச்சிகளும் வீட்டில் இருக்கின்றன. விலையுயர்ந்த கருவிப் பெட்டியை முதல் நாளே வாங்க வேண்டாம்.

சூப்பர் குளூ போதாதா?

போதாது. கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. மாதிரிகளுக்கென விற்கப்படும் நீர்த்த பசை அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கி இணைக்கிறது. சூப்பர் குளூ இடையில் ஒரு படலமாக நின்று பிடிக்கிறது, அவ்வளவே. மேலும் அதிலிருந்து எழும் ஆவி, காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, கண்ணாடிக் கூரையின்மேல் வெண்படலமாகப் படியும். கூரையை ஒட்டுவதற்கு வெள்ளைப் பிவிஏ பசையே பாதுகாப்பானது.

உடலின் இரு பாதிகளையும் சேர்க்கும்போது பசையைச் சற்றே மிகுதியாக ஓடவிட்டு அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் இணைப்புக்கோட்டின்மேல் மெல்லிய வரம்பாகப் பிதுங்கும். ஒரு நாள் காயவிட்டு அதைத் தேய்த்தெடுத்தால் கோடு மறைந்துவிடும். பல இடங்களில் இடுக்கை நிரப்பும் புட்டி பூச வேண்டியதே இராது.

பூசிய வண்ணம் வெளுத்துப் பால்நிறமாகிறதே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் நம் வட்டாரத்தில் இல்லை. லேக்கர் வண்ணமும் ஸ்ப்ரே டின்னில் வரும் கிளியர் (நிறமற்ற) பூச்சும் மிக விரைவாக ஆவியாகும் கரைப்பான்களால் ஆனவை. ஆவியாகும்போது அவை பரப்பின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் மாதிரியின் மேற்பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் நுண்துளிகளாகப் படிந்து, காயும் வண்ணத்திற்குள் சிக்கிக்கொள்கிறது. வெண்மையாகத் தெரிவது அந்த ஈரத்தின் விளைவே, வண்ணத்தில் குறையில்லை.

தீர்வு பெரும்பாலும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் குறைந்து, நண்பகலை ஒட்டி மிகத் தாழ்ந்து, மாலை மழை வந்ததும் மீண்டும் ஏறும். ஆகவே முற்பகல் பதினொரு மணியிலிருந்து மழைமேகம் திரளும் வரையிலான இடைவெளியே வண்ணம் தெளிக்கும் நேரம். கெடாவில் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை வறண்ட காலம். பளபளப்பான கிளியர் பூச்சுகளை அந்த மாதங்களுக்கென ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு, அவர்கள் செய்வது சரியே. மற்ற மாதங்களில் தெளிக்க நேர்ந்தால், ஆவியாதலை மெதுவாக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்தி, ஒவ்வொரு படலத்தையும் மிக மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்துவிட்ட பரப்பின்மேல், வறண்ட நாளொன்றில், அதே தின்னரை மட்டும் மெல்லத் தெளித்தால் படலம் மீண்டும் இளகி ஈரம் வெளியேறிவிடும். பல நேரங்களில் இது கைகொடுக்கும்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) வைத்திருப்போர் கம்ப்ரசரில் நீர்ப்பிரிப்பான் பொருத்தாமல் இந்நாட்டில் வேலை செய்யக்கூடாது. அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் குழாயில் நீராகி, இறக்கையின் நடுவே துளியாகத் துப்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: லேக்கர் ஆவி தீப்பற்றக்கூடியது. சாமி மேடையில் விளக்கோ கற்பூரமோ எரியும் அறையிலும், அடுப்பு எரியும் சமையலறையிலும் ஒருபோதும் தெளிக்காதீர்கள். காற்றோட்டமான தாழ்வாரத்தில், கரிமஆவி வடிகட்டி பொருத்திய முகக்கவசத்துடன் தெளியுங்கள். மருந்துக்கடையில் விற்கும் துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது.

ஏர்பிரஷ் கட்டாயமா?

இல்லை. தூரிகையால் செய்த நல்ல மாதிரிகள் எத்தனையோ உண்டு. அக்ரிலிக் வண்ணத்தைப் பசும்பால் பதத்திற்கு நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படலமும் நன்கு காய்ந்தபின் அடுத்ததை முந்தையதற்குக் குறுக்காகப் பூசினால், மூன்று நான்கு படலங்களில் தூரிகைத் தடம் மறையும். பொறுமையற்றவர்களே ஒரே படலத்தில் மூடப் பார்த்து மேடுபள்ளமாக்குகிறார்கள்.

மலாயா பஃபலோவின் சரியான நிறங்கள் யாவை?

மேற்பரப்பில் அடர்மண் நிறமும் அடர்பச்சையும் வளைவுத் திட்டுகளாகவும், அடிப்பரப்பில் ‘ஸ்கை’ எனப்படும் வெளிர் நீலப்பச்சையும் அமைந்த பிரிட்டிஷ் முறை இது. தாமியா அக்ரிலிக்கில் அடர்பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, மண் நிறத்திற்கு எக்ஸ்எஃப்-52, அடிப்புறத்திற்கு எக்ஸ்எஃப்-21 ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். முதலில் அடிப்பரப்பு, அடுத்து மண் நிறம், கடைசியில் பச்சை என்ற வரிசை வசதியானது.

நிறத்தின் துல்லியத்தைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களில் அளவுக்கு மீறி ஈடுபட வேண்டாம் என்பது என் கருத்து. இந்த விமானங்கள் அமெரிக்கத் தொழிற்சாலையில் வண்ணம் பூசப்பட்டு, கப்பலில் வந்து, மலாயா வெயிலிலும் மழையிலும் நின்றவை. ஒரே படைப்பிரிவின் இரண்டு விமானங்கள்கூட ஒரே சாயலில் இருந்திருக்க மாட்டா. சிறிய மாதிரியில் அடர்நிறங்கள் உண்மையைக் காட்டிலும் இருண்டு தெரிவதால், இரண்டிலும் சிறிதளவு வெண்மை கலப்பது நல்லது. நம் வெயிலில் வெளுத்த தோற்றமும் அதனாலேயே கிடைத்துவிடும். இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பு மென்மையாக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே விடை சொல்லும்: உண்மை விமானத்தில் ஓர் அங்குலம் பரவிய விளிம்பு 1/72 அளவில் 0.35 மில்லிமீட்டர்தான். டேப் ஒட்டியோ தூரிகையாலோ வரும் தெளிவான விளிம்பே போதும்.

படைப்பிரிவுக் குறியெழுத்துகள்: 21ஆம் ஆஸ்திரேலியப் பிரிவுக்கு ‘ஜிஏ’, 453ஆம் ஆஸ்திரேலியப் பிரிவுக்கு ‘டிடி’ (TD), பிரிட்டிஷ் 243ஆம் பிரிவுக்கு ‘டபிள்யூபி’, நியூசிலாந்தின் 488ஆம் பிரிவுக்கு ‘என்எஃப்’. வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு இருக்க வேண்டும். ஜப்பானியச் சின்னத்துடன் குழப்பம் நேராதிருக்க அந்தச் சிவப்பை நீக்கியது பிந்தைய காலத்து வழக்கம். நீலமும் வெள்ளையும் மட்டும் கொண்ட சின்னம் மலாயா பஃபலோவுக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படத்தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். செய்யவிருக்கும் விமானத்தின் படம் ஒன்றையாவது முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கண்ணாடிக் கூரையை மறைக்கத் தோட்டத்து ரப்பர்ப் பாலைப் பயன்படுத்தலாமா?

நல்ல கேள்வி, நம் ஊரில் மட்டுமே எழக்கூடியது. கடைகளில் குப்பியில் விற்கும் மறைப்புத் திரவங்களில் பல, அம்மோனியா சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர்ப் பாலேதான். மங்கிலிருந்து (மரத்தில் பால் சேரும் கிண்ணம்) எடுத்த பச்சைப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். நுண்ணுயிர்களால் சில மணிநேரத்திலேயே அது உறையத் தொடங்கிவிடும். அன்று காலை வெட்டிய பாலை வடிகட்டி உடனே பூசினால் வேலை நடக்கும். மறுநாளுக்கு வைத்திருக்க முடியாது. தோட்டத்தில் பால் சேகரிக்கும் ஸ்டோரில் அம்மோனியா கலந்து வைத்த பால் கிடைத்தால் அது நீடிக்கும்.

ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. அம்மோனியா அக்ரிலிக் வண்ணத்தைக் கரைத்துப் பெயர்த்துவிடும். எனவே வண்ணம் பூசிய பரப்பின்மேல் அதைப் படவிடாமல், வெறும் கண்ணாடிப் பாகத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும். அடுத்து, பாலின் விளிம்பு ஒருபோதும் நேர்க்கோடாக நிற்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் ஓரங்களையும் மெல்லிய டேப் துண்டுகளால் அடைத்துவிட்டு, நடுவில் மட்டும் பாலைத் தடவுங்கள். காய்ந்ததும் வண்ணம் தெளித்து, இரண்டொரு நாளுக்குள் உரித்துவிடுங்கள். வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரித்துப் பழகிய கைகளுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

டீகாலின் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம்) அடியில் வெள்ளி போலப் பளபளக்கிறதே?

சொரசொரப்பான பரப்பின் பள்ளங்களில் காற்று தங்குவதே காரணம். மங்கல் வண்ணத்தின்மேல் நேரடியாக ஒட்டாமல், பளபளப்பான கிளியர் பூசிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டி, டீகால் இளக்கியைத் தடவுங்கள். எல்லாம் முடிந்தபின் மங்கல் கிளியர் பூசிக்கொள்ளலாம். பழுப்பேறிய டீகால் தாளை வெயில் படும் சன்னலில் சில நாள் ஒட்டி வைத்தால் ஓரளவு வெளுக்கும். திறக்காத கிட்டுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் டீகாலில் பூஞ்சை பிடிக்கும்.

மண்ணும் அழுக்கும் எவ்வளவு காட்டலாம்?

நம் செம்மண்ணைக் காட்டலாம். ஆனால் அது படியும் இடத்தில் மட்டும். சக்கரம், சக்கரக் காலின் கீழ்ப்பகுதி, வயிற்றின் அடிப்புறம், உள்ளிறக்கையின் பின்விளிம்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்து மண்ணையே காயவைத்து, துணியில் சலித்து, மிக மென்மையான தூளைத் தூரிகையால் தடவலாம். சாயல் எந்தக் கடைச்சரக்கையும் விடப் பொருத்தமாக அமையும். போர் தொடங்கியபோது இந்த விமானங்கள் மலாயாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆகவே வண்ணம் பெயர்ந்து உலோகம் எங்கும் தெரிவதாகச் செய்வது மிகை. விமானி ஏறும் இறக்கை அடிப்பகுதியில் மட்டும் சிறிது தேய்மானம் போதும்.

ரப்பர்த் தோட்டக் காட்சியுடன் வைக்க விரும்புகிறேன். மரங்களை எப்படிச் செய்வது?

கடையில் விற்கும் ஆயத்த மரங்கள் ஐரோப்பியக் காட்டு மரங்கள். அவற்றை நட்டால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் ஏற்கமாட்டார்கள். பால்மரம் நிரை பிடித்து நிற்க வேண்டும். பழைய தோட்டங்களில் 20 அடிக்கு 20 அடி என்பது வழக்கமான இடைவெளிகளுள் ஒன்று. 1/72 அளவில் அது எட்டரை சென்டிமீட்டர். மரத்தின் உயரம் 20 மீட்டர் என்று கொண்டால் மாதிரியில் 28 சென்டிமீட்டர் வரும்; பதினைந்து சென்டிமீட்டர் விமானத்தை மரங்கள் விழுங்கிவிடும். எனவே பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் இரண்டு நிரைகளை வைத்து, இலைக்கூட்டத்தைப் பின்புறமாகக் குவிப்பது நல்லது.

அடிமரத்திற்கு நேரான சுள்ளிகள் போதும். பட்டைக்குச் சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே வெண்திட்டு வையுங்கள். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும்; பல மாதிரிகளில் இது தலைகீழாக இருப்பதைப் பார்க்கிறேன். கோட்டின் கீழ்முனையில் ஒரு மங்கு. டிசம்பரில் மரங்கள் இலையோடு நிற்கும். இலையுதிர்வு ஆண்டின் தொடக்க மாதங்களில்தான் வரும். ஆகவே சுங்கைப் பட்டாணித் தளத்தின் 1941 டிசம்பர்க் காட்சிக்கு மொட்டை மரம் பொருந்தாது.

என் தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துச் சென்றார்கள். வீட்டில் ஜப்பானிய விமானத்தைச் செய்து வைப்பது முறையா?

இதைக் கேட்பவர்கள் குறைவில்லை. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையே சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்குப் போடப்பட்ட அந்த இரயில் பாதைக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பாதவர்கள் பலர். அந்த நினைவு உயிரோடிருக்கும் வீட்டில், பெரியவர்களின் மனம் ஒப்பாமல் செய்ய வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. பொழுதுபோக்கைவிட அவர்கள் பெரியவர்கள்.

அவர்கள் ஒப்பினால் செய்வதில் தவறில்லை. பஃபலோவை எதிர்த்துப் பறந்தது எது என்று தெரியாமல் பஃபலோவின் கதை முழுமை பெறாது. பலரும் ஜீரோ விமானத்தை வாங்குகிறார்கள். மலாயா வானில் ஜப்பானியத் தரைப்படையின் 59ஆம், 64ஆம் சென்தாய் (ஜப்பானிய விமானப் படைப்பிரிவு) பிரிவுகள் ஓட்டியது நாகாஜிமா கி-43 ‘ஹயபுசா’. அதையே நேச நாட்டு விமானிகள் அடிக்கடி ஜீரோ என்று தவறாக எண்ணினார்கள். மலாயாப் போருக்கு உரியது முதல் வகையான கி-43-I. அதன் சுழல்விசிறிக்கு இரண்டே இதழ்கள். முன்கண்ணாடி வழியே தொலைநோக்கிக் குறிகருவி நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று இதழ்கள் உள்ள கிட் கிடைத்தால் அது பிந்தைய வகை. 64ஆம் பிரிவின் அடையாளம் வாலில் உள்ள சாய்ந்த அம்பு. அதன் தலைவர் கத்தோ தத்தேயோ 1942 மே 22 அன்று வங்கக் கடலின்மேல் ஒரு பிளென்ஹைம் விமானத்துடன் நடந்த மோதலில் மாண்டார். மாதிரியின் அடியில் விமானத்தின் பெயர், படைப்பிரிவு, காலம் ஆகியவற்றோடு, அந்தப் படை வந்தபின் இந்தத் தோட்டங்களில் நடந்ததையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். கொடி, வாள் போன்ற அலங்காரங்கள் வேண்டாம்.

பிள்ளைகள் எந்த வயதில் தொடங்கலாம்?

பசை தேவைப்படாத, அழுத்திப் பொருத்தும் கிட்டுகளை எட்டு வயதிலேயே கொடுக்கலாம். கத்தியும் கரைப்பானும் இடைநிலைப்பள்ளிக்குப் போனபின், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

முடித்த மாதிரியை எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுசெல்வது?

கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில், நேர்வெயில் படாத சுவரோரம். ஊதுபத்திப் புகை நாளடைவில் மங்கல் பரப்பில் பழுப்பாகப் படிவதால் சாமி மேடைக்கு அருகில் வேண்டாம். வெளியூர் கொண்டுசெல்லும்போது இறக்கைகளில் எதுவும் அழுத்தாதபடி, உடலின் அடியில் மட்டும் பஞ்சணை தாங்குமாறு பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். உள்வெப்பத்தில் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும், வளைந்த இறக்கையை நிமிர்த்த முயன்றால் வண்ணம் வெடிக்கும்.